நம் கையால் ஒரு பலூன் தோரணம்

வீட்டில் விசேஷம் என்றால் வாசலில் வாழைமரம் நிற்பதும், மாவிலைத் தோரணம் ஆடுவதும் படவேட்டில் நாம் அறிந்ததே. இப்போது பிறந்தநாள், புதுநன்மை, காதுகுத்து ஆகியவற்றுக்குப் பலூன் அலங்காரமும் சேர்ந்துவிட்டது. ஆள் வைத்துக் கட்டினால் பணம் செலவாகும். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்னும் வீடுகளுக்கு அச்செலவு சிறியதன்று. ஆனால் அதே தோரணத்தை நாமே கட்டலாம். அழகாகவும் ஆபத்தின்றியும் கட்டுவது எப்படி என்று பார்ப்போம்.

பலூன் பிறந்த கதை

ரப்பர் பலூன் முதலில் விளையாட்டுக்காகத் தோன்றவில்லை. 1824-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே என்னும் அறிஞர், ஹைட்ரஜன் வாயுவை அடைத்து ஆராய்வதற்காக அதைச் செய்தார். இரண்டு ரப்பர்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உட்புறம் ஒட்டாதிருக்க மாவு தூவி, ஓரங்களை மட்டும் அழுத்தி ஒட்டினார். இன்றைய பலூன் ரப்பர் மரத்தின் பாலால் ஆனது. நம் மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இம்மரங்களைக் காணலாம்.

வேண்டிய பொருள்கள்

10 அடித் தோரணத்துக்கு 10 அங்குலப் பலூன்கள் இரண்டு நிறங்களில் 40 வீதம் 80, உடைந்தால் மாற்ற இன்னும் 10, கைப்பம்பு ஒன்று, தடித்த அட்டை ஒன்று, சணல் கயிறு 12 அடி, கட்டுவதற்கு வாழைநார். வாழைத் தோட்டங்கள் உள்ள நம் ஊரில் நாருக்குப் பஞ்சமில்லை. பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சிகளும், அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. அவை நமக்குத் தேவையுமில்லை.

செய்முறை

1. அட்டையில் 8 அங்குல அகலத்தில் வட்டத் துளை வெட்டுக. ஊதிய பலூன் அதில் சரியாக நுழைய வேண்டும். அப்போதுதான் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். பலூன் பேரிக்காய் வடிவம் அடைந்தால் காற்று மிகுந்துவிட்டது என்று பொருள். சிறிது வெளியே விடுக.

2. இரண்டு பலூன்களின் வாயைச் சேர்த்து முடிந்து ஒரு ஜோடி ஆக்குக. இரண்டு ஜோடிகளைக் குறுக்காக வைத்து முறுக்கினால் நான்கு பலூன் கொத்து கிடைக்கும்.

3. சணல் கயிற்றை இரு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி, கொத்தின் நடுவைக் கயிற்றில் சுற்றிப் பொருத்துக. ஒரு கொத்துக்கு ஏறக்குறைய 6 அங்குலம் என 10 அடிக்கு 20 கொத்துகள் வரும்.

4. அடுத்த கொத்தைச் சற்றுத் திருப்பி, முந்தியதன் இடைவெளியில் அமர்த்துக. நிற வரிசை மாறாதிருந்தால், நிறங்கள் கயிற்றைச் சுற்றிக் கொடிபோல் ஓடும். ஊடை நிறம் பிசகினால் கரை கெடும் என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா?

அறிவியலும் கற்போம்

8 அங்குலப் பலூனில் சுமார் 4 லிட்டர் காற்று அடங்கும். எண்பதையும் வாயால் ஊதினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும். ஆகவே பம்பே நல்லது. தேங்காய் எண்ணெய்க் கையால் தொட்டால் ரப்பர் நலியும். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து பலூன் வெடிக்கும்.

பலூனைப் பட்டுத் துணித் துண்டால் நன்றாகத் தேய்த்துச் சுவரில் வைத்துப் பாருங்கள். பசையின்றி ஒட்டி நிற்கும்! தேய்க்கும்போது பட்டிலிருந்து எலக்ட்ரான்கள் ரப்பருக்குச் சென்று நிலைமின்சாரம் உண்டாவதே காரணம். மழை நாளில், ஈரக் காற்றில், இது பலிக்காது.

எச்சரிக்கை

மேலே பறக்க வேண்டுமென்று வாயு நிரப்பிய பலூன் வாங்காதீர்கள். ஹீலியம் எரியாது, ஆனால் மலிவான ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். 2020 செப்டம்பரில் சென்னையில் ஒரு பொது விழாவில், பட்டாசுத் தீ பட்டு வாயுப் பலூன்கள் வெடித்துப் பலர் தீக்காயமடைந்தனர். நம் தோரணத்துக்குச் சாதாரணக் காற்றே போதும்.

இன்னொரு ஆபத்து ஓசையின்றி வரும். எங்களில் ஒருத்தியின் வீட்டில் விருந்து முடிந்து எல்லோரும் களைத்து உட்கார்ந்திருந்தோம். தவழும் தம்பி தறிக்குழி ஓரத்தில் எதையோ மென்றுகொண்டிருந்தான். அவன் உதட்டில் சிவப்பு ரப்பர்த் துண்டு தெரிந்தது. அம்மா ஓடிச்சென்று எடுத்துவிட்டார். நல்லவேளை, அது தொண்டைக்குள் போகவில்லை. மெல்லிய ரப்பர் மூச்சுக்குழாயை மூடிக்கொண்டால் நிமிடங்களில் உயிர் போகும். ஆகவே ஊதாத பலூனையும் உடைந்த துண்டையும் 8 வயதுக்குட்பட்டோர் கையில் விடக் கூடாது. குழந்தைக்கு மூச்சு அடைத்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அன்றிலிருந்து நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கட்டும்போது பலூன்களை எண்ணுகிறோம். பிரிக்கும்போது மறுபடியும் எண்ணுகிறோம். 80 கட்டினால் 80-க்கும் கணக்கு வர வேண்டும். உடைந்தவற்றின் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, ஆடுமாடு மேயாத இடத்தில் குப்பைத் தொட்டியில் போடுகிறோம். கணக்கு நேரான பிறகே தம்பி தங்கையரைத் தரையில் விடுகிறோம்.

தோழியரே, தோரணம் கட்டப் பழகும் நாம் இவ்வழக்கத்தையும் சேர்த்தே பழகுவோம். விருந்தினர் போன பிறகு வீட்டுக் குழந்தை பத்திரமாக உறங்கினால்தான் விழா நிறைவுறும்.