வீட்டைப் பூட்டுவதற்கு முன்

ஸ்காபரோ
ஞாயிறு இரவு

அன்புள்ள துளசிப் பிள்ளைக்கு,

உன் பிரதேச அரசு புதிய சட்டங்கள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்ட கூட்ட மண்டபத்தின் படம் கிடைத்தது. கதிரைகளில் பாதிக்கு மேல் காலி. மேசையில் கோப்பியும் ஒரு கட்டுத் தாளும். அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் உள்ள வெற்றுக் கட்டத்தைக் காட்டித்தான் கேட்டிருந்தாய்: “நான் யெலோநைஃபுக்கு வந்து எட்டு மாதம்தான் பெரியம்மா. இதில் நான் என்ன எழுத?”

எழுது. அங்கே வாடகை கட்டுகிறாய், இரவு வேலை முடிந்து அந்தத் தெருவால்தான் நடந்து வீடு போகிறாய். அது போதும். ஆனால் உன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள். பாதுகாப்பான ஊர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்காமலே அவர் இருக்கும் வீட்டைப் பூட்டவும், அவருடைய காசையும் வாகனத்தையும் எடுத்துக்கொள்ளவும் அரசுக்கு அதிகாரம் கொடுக்கலாமா, கொடுத்தால் எதுவரை என்பதுதான் கேள்வி.

இவை இரண்டு தனிச் சட்டங்கள். ஒரே தாளில் வருவதால் ஒன்றென்று நினைத்துவிடாதே.

முதலாவது, வீட்டைப் பூட்டுவது. கனடாவில் இதை மனிற்றோபாதான் தொடங்கியது, 2002-ல். பிறகு சஸ்கச்சுவான், 2006-ல் உனக்குப் பக்கத்து யூக்கொன், பின்னர் நோவா ஸ்கோஷியா, அல்பேர்ட்டா என்று பரவியது. ஒரு வீட்டில் போதைப்பொருளோ கள்ளச்சாராயமோ வழக்கமாக விற்கிறார்கள் என்று அயலவர் முறையிடலாம். முறையிட்டவர் பெயர் வெளியே வராது. விசாரணையாளர்கள் கண்காணிப்பார்கள், வீட்டுக்காரரை எச்சரிப்பார்கள். பெரும்பாலான முறைப்பாடுகள் அந்த அளவில் முடிந்துவிடக்கூடியவை. அதற்கும் அடங்காவிட்டால் நீதிமன்றம் போய், இருப்பவர்களை வெளியேற்றி, வீட்டை 90 நாள் வரை பூட்ட உத்தரவு வாங்கலாம். அங்கே ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. வழக்கு வீட்டின் மேல்.

இந்தச் சட்டத்தைக் கேட்பவர்களைக் குறைவாக எண்ணாதே. 1994-ல் நாங்கள் ஒரு தொடர்மாடியின் ஏழாம் மாடியில் இருந்தோம். எங்களுக்கு நேரெதிர்க் கதவு இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் விழிக்கும். இரண்டு தட்டு, கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு ஒரு தட்டு. உன் அண்ணாவுக்கு அப்போது ஏழு வயது. படிக்கட்டில் கிடந்த ஊசியை ‘பேனை’ என்று எடுத்துக்கொண்டு வந்தான். பொலிஸுக்கு எத்தனையோ தரம் போன் அடித்தேன். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள்: சாட்சி சொல்ல வருவீர்களா? அந்த மாடியில் ஒருவரும் வரவில்லை. நானும் போகவில்லை. பெயர் வெளியில் வராது என்று அன்று ஒரு சட்டம் சொல்லியிருந்தால் முதல் முறைப்பாடு என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியில் கட்டட நிர்வாகமே அவர்களை எழுப்பிவிட்டது, மாசி மாதத்தில். விற்றவன் பேரன். வாடகை ஒப்பந்தம் அம்மம்மாவின் பெயரில். அவனை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை. கிழவி கீழே வாசல் கூடத்தில் ஒரு தையல் மெஷினைக் கறுப்புக் குப்பைப் பையால் மூடி மடியோடு அணைத்துக்கொண்டு இருந்தாள். யாரோ காரில் வருவதாகச் சொன்னாள். நான் வேலைக்குப் போய்த் திரும்பியபோதும் அங்கேயேதான் இருந்தாள். அன்றிரவு நான் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. உன் கட்டத்தில் எழுதும்போது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதே.

அவளுக்காவது வெளியே ஒரு ரொறன்ரோ இருந்தது. உன் பிரதேசத்தில் 33 ஊர்கள். யெலோநைஃபை விட்டால் பல ஊர்களில் வாடகைக்கு வேறு வீடே கிடையாது, இருப்பது அரசின் வீட்டுவசதி வீடுகள்தான். தை மாதம் சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரில் ஒரு குடும்பத்தை வெளியே விட்டுக் கதவைப் பூட்டினால் அவர்கள் போவது அக்கா வீட்டுக்கு. அங்கே ஏற்கெனவே ஒன்பது பேர் இருப்பார்கள். விற்றவனும் அங்கேதான் போவான். தெரு மாறும், தொழில் மாறாது. நீ சின்ன ஊர்களுக்கு விமானத்தில் போய்த் தாதியாக வேலை செய்கிறவள், இதை என்னைவிட நன்றாக அறிவாய். ஆகவே உன் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: வெளியேற்றும் உத்தரவில் கையெழுத்து விழும் முன், அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எங்கே படுப்பார்கள் என்று நீதிமன்றத்துக்கு எழுத்தில் சொல்லப்பட வேண்டும். குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டுக்குக் குளிர்காலத்தில் வேறு விதி வேண்டும்.

இரகசிய முறைப்பாடு பற்றி எனக்கு மனம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பயந்தவருக்கு அது தேவை, சற்று முன்தான் சொன்னேன். ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். சாக்குப் போர்த்தி, இரண்டு கண்ணுக்கு ஓட்டை விட்டு உட்கார்ந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் ஊர் இளைஞர்கள் வரிசையாக நடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவள். ஒரு தலை அசைவு, அவ்வளவுதான். கனடாவின் சட்டத்தை அதோடு ஒப்பிடவில்லை. இங்கே நீதிபதி இருக்கிறார், ஆதாரம் கேட்பார். என்றாலும் ஐந்நூறு பேர் உள்ள ஊரில் வேலிச் சண்டையும் பிரிந்துபோன கணவனின் கோபமும் மொட்டைக் கடிதமாக மாற ஒரு பின்னேரம் போதும். ஆகவே பெயரை மறைக்கட்டும், ஆனால் முறைப்பாடு மட்டும் ஆதாரமாகக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதச் சொல். வேண்டுமென்று பொய் முறைப்பாடு செய்தவருக்கு என்ன நடக்கும் என்றும் கேள்.

இரண்டாவது சட்டம், சொத்தைப் பறிமுதல் செய்வது. இதில் எங்கள் ஒன்ராறியோதான் முன்னோடி, 2001-ல். நான் இருபத்திரண்டு வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்த்தவள் என்பதால் ஒரு வித்தியாசத்தை அழுத்திச் சொல்கிறேன். குற்ற வழக்கில் ‘நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டும். பறிமுதல் வழக்கு உரிமையியல் வழக்கு. அதில் ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும். முதல் தொடரைத் தமிழில் சொல்லும்போது கூண்டில் நிற்பவரின் தோள் கொஞ்சம் இறங்கும். இரண்டாவதைச் சொன்னால் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் பாதியை விழுங்கிவிட்டேன் என்பதுபோல. நான் ஒன்றும் விழுங்கவில்லை. தராசு ஒரு நெல்லளவு சாய்ந்தாலே போதும் என்பதுதான் சட்டம்.

2003-ல் தோர்ன்ஹில்லில் ஒரு மாணவனின் காரைப் பொலிஸ் மறித்தது, முன்பக்க இலக்கத் தகடு இல்லை என்று. காருக்குள் 29,020 டொலர் காசு, ஒரு காற்றுவிசிறி, விளக்குச் சாமான்கள். அவற்றில் கஞ்சா மணம். கஞ்சா இல்லை. போதைப்பொருள் குற்றச்சாட்டு எதுவும் அவன் மேல் வரவில்லை. ஆனாலும் காசும் சாமானும் அரசுக்குப் போயின. மாகாணம் இப்படிச் செய்வது அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின் இந்தச் சட்டத்தின் அத்திவாரத்தை யாரும் அசைக்கவில்லை. ஆகவே “இது அநியாயம், வேண்டாம்” என்று மட்டும் எழுதினால் உன் தாள் ஒரு கட்டோடு கட்டாகப் போய்விடும்.

பெரிய கைகளையும் இந்தச் சட்டம் பிடிக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பலின் மூன்று மன்ற வீடுகள் மேல் 2007-ல் தொடங்கிய வழக்கு 2023-ல்தான் முடிந்தது. 2020-ல் அரசு தோற்றது, மேன்முறையீட்டில் வென்றது. பதினாறு வருடம் வழக்காட அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அதே மாகாணத்தில் 75,000 டொலருக்கு உட்பட்ட காசையோ வாகனத்தையோ, குறித்த நாளுக்குள் யாரும் எதிர்க்காவிட்டால், நீதிமன்றமே போகாமல் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. கடிதத்தைத் திறக்காதவர்கள், ஆங்கிலம் விளங்காதவர்கள், வழக்கறிஞருக்குக் கொடுக்கும் காசு காரின் பெறுமதியைவிடக் கூட என்று கணக்குப் பார்த்து விட்டுவிட்டவர்கள், எல்லாரும் அந்த வழியால்தான் தோற்பார்கள். உன் பிரதேசத்தில் அதிகாரபூர்வ மொழிகள் 11. எந்த மொழியில், எந்த முகவரிக்கு, யார் கையில் அந்த அறிவித்தல் போகும் என்று கேள். எதிர்க்க விரும்புகிறவருக்கு அரசு சட்ட உதவி உண்டா என்று கேள். பறித்த காசு எந்தப் பெட்டிக்குப் போகிறது என்றும் கேள். பறிக்கும் அலுவலகமே அந்தக் காசில் நடந்தால் அதன் கண் எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அது பாதிக்கப்பட்டவர்களுக்கும் போதையிலிருந்து மீள்பவர்களுக்கும் போவதாக, ஆண்டுதோறும் சட்டசபையில் கணக்கு வைப்பதாக இருந்தால் நான் பாதி எதிர்ப்பை விட்டுவிடுவேன்.

காலியான கதிரைகளைப் பார்த்து, எழுதி என்ன பயன் என்று நினைத்திருப்பாய். யூக்கொன் அரசு 2010-ல் இதே மாதிரிப் பறிமுதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. மக்கள் கேள்வி கேட்டார்கள், எதிர்த்தார்கள். அரசு அதை ஒதுக்கி வைத்தது. அங்கேயும் சிறிய சனத்தொகைதான். சிறிய இடத்தில் ஒரு தாளின் எடை கூட.

ஒன்றை மட்டும் கவனம் வை. அந்த நிலம் டெனே, மெட்டி, இனுவியாலுயிட் மக்களுடையது. அவர்களோடு அரசு தனியாகக் கலந்துபேசக் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களுக்காக நீ பேச வேண்டாம். தாதியாக நீ கண்டதை, உன் வாயால் மட்டும் சொல். அளவுக்கு மிஞ்சிப் போதை எடுத்து நள்ளிரவில் வரும் பிள்ளையை நீ பார்க்கிறாய். வீடு இழந்தவரின் உறைந்த விரலையும் நீதான் பார்க்கிறாய். நோயாளி யாரென்று தெரியாதபடி எழுது. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கட்டத்துக்குள் அடங்காவிட்டால் தனித் தாளில் எழுதி இணை, திகதி போடு, பிரதி ஒன்று வைத்துக்கொள். அடுத்த கூட்டத்துக்கு உன்னோடு வேலை செய்யும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போ.

அனுப்புமுன் எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு. அடுத்த ஞாயிறு உனக்கு ஏழு மணி, எனக்கு ஒன்பது. நான் முழித்திருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா