கள்ளியை ஒட்டினா போதுமா? பிடிச்சு வைக்கணும்!

2025-ல ரீல்ஸ் வழியா கூமாப்பட்டியை எல்லாரும் பார்த்துட்டோம். மலையடிவாரம், பிளவக்கல் அணை, பக்கத்துப் பக்கத்துல மாந்தோப்பும் தென்னந்தோப்பும். அந்தத் தோப்புகள்ல ஒரு பாடமும் இருக்கு. மாவுல ஒட்டு கட்டலாம், தென்னையில முடியாது. ஏன்?

மாமரப் பட்டைக்கு உள்ளே கேம்பியம்னு ஒரு மெல்லிய அடுக்கு இருக்கு. புது செல்களை உண்டாக்குறது அதுதான். வெட்டின ரெண்டு தண்டோட கேம்பியமும் அசையாம தொட்டுக்கிட்டு இருந்தா, செல்கள் பெருகி இடைவெளியை நிரப்பும். அப்புறம் தண்ணி போற குழாய்களும் இணையும். தென்னைக்கு அந்த அடுக்கே கிடையாது. கள்ளிக்கு உண்டு.

நர்சரியில பச்சைத் தண்டு மேல சிவப்பு உருண்டையா நிக்குமே, அது ஒட்டுக்கள்ளிதான். அந்த உருண்டையில பச்சையம் இல்லை, தனியா நட்டா செத்துடும். கீழே இருக்குற தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கள்ளி இனம். ஆக, அந்த இணைப்புதான் அதுக்கு உயிர்.

மா ஒட்டுல ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலிதீன் நாடாவால சுத்திக் கட்டுவாங்க. கள்ளியில வெட்டு தட்டையா இருக்கும். பக்கவாட்டுல சுத்தினா பயனில்லை, மேலிருந்து கீழே அமுக்கணும்.

செய்முறை:

1. சுத்தமான பிளேடால ரெண்டையும் தட்டையா வெட்டுங்க. வேர்ச்செடியோட ஓரத்தைச் சாய்வா சீவுங்க. காயும்போது உள்சதை சுருங்கும், தோல் சுருங்காது. ஓரத்தைச் சீவலைன்னா நடுவுல குழி விழுந்து மேல்துண்டு தூக்கிக்கும்.

2. வெட்டுப் பரப்புல ஒரு வளையம் தெரியும். ரெண்டு வளையமும் ஒரே அளவா இருந்தா நேரா வைங்க. ஒண்ணு சின்னதுன்னா நடுவுல வைக்காம கொஞ்சம் தள்ளி வைங்க. அப்பதான் வளையங்கள் ஒண்ணையொண்ணு வெட்டும்.

3. லேசா அழுத்தித் திருகினா உள்ளே இருக்குற காத்து வெளியேறும்.

4. ரெண்டு ரப்பர் பேண்டை மேல்துண்டு மேலயும் தொட்டிக்கு அடியிலயும் கூட்டல் குறி மாதிரி போடுங்க.

இங்கதான் நம்ம மெக்கானிக்ஸ் வருது. பேண்டு ரெண்டு பக்கமும் சாய்வா இறங்குது. கீழ்நோக்கிய விசைகள் கூடும். பக்கவாட்டு விசைகள் சமமா இருந்தா மட்டும்தான் ஒண்ணையொண்ணு ரத்து செய்யும். ஒரு பக்கம் இழுவை அதிகமானா, ஈரமான வெட்டுல துண்டு வழுக்கிடும். ரொம்ப இறுக்கினா சதை நசுங்கி அழுகும்.

கயிறை விட ரப்பர் ஏன் நல்லது? சதை ஒரு மில்லிமீட்டர் சுருங்கினாலே கயிறு தொளதொளன்னு ஆயிடும். ரப்பர் கூடவே சுருங்கி அழுத்தத்தை விடாம வச்சிருக்கும். துண்டு ரொம்பச் சின்னதுன்னா பாராஃபிலிம் ஒட்டுப் பட்டையே போதும்.

ஒண்ணு ரெண்டு வாரம் நிழல்ல வைங்க, வெட்டுல தண்ணி படக்கூடாது. அப்புறம் பேண்டைக் கழட்டுங்க. துண்டு வாடாம புதுசா வளர ஆரம்பிச்சா ஒட்டிடுச்சு. கழண்டு வந்தா, அழுகல் இல்லாத பட்சத்துல ரெண்டையும் மெல்லிசா மறுபடி சீவிக் கட்டலாம்.

கடைசியா ஒண்ணு: நம்ம ஊர்ல கள்ளின்னு பேர் இருக்குறதெல்லாம் ஒரே குடும்பம் இல்லை. சப்பாத்திக்கள்ளி நிஜக் கள்ளி. வெட்டினா பால் வடியுற சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பம். இதையும் அதையும் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒட்டாது. பேண்டு துண்டை நகராம பிடிச்சு வைக்கத்தான் செய்யும். ஒட்டுறது செடியோட வேலை.