கண்ணுக்குத் தெரியாத மின்னல்



கார்த்திகைத் திருநாள் மாலையில், நமது ஊரின் 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் ஏற்றும் வேளையில், நாம் எல்லோரும் மொட்டை மாடியில் அண்ணாந்து நிற்போம். நாளும் நேரமும் திசையும் நமக்கு முன்பே தெரியும். இம்மூன்றும் தெரியாமல், சில விநாடிகளே மின்னி மறையும் ஒரு சுடரைக் காண்பது எப்படி? காமாக் கதிர் வெடிப்புகளை ஆராயும் அறிஞர்களின் இடர்ப்பாடு இதுதான்.

காமாக் கதிரும் ஒளியைப் போன்ற மின்காந்தக் கதிரே. ஆனால் ஆற்றல் மிகுந்தது. வானிலிருந்து வரும் இக்கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. எனவே ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள பெரிய தொலைநோக்கியாலும் இவற்றைக் காண இயலாது. கருவியே விண்ணுக்குச் செல்ல வேண்டும்.

இவ்வெடிப்புகளைக் கண்டறிந்தது தற்செயலாகவே. 1963இல் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதை எவரேனும் மீறுகின்றனரா என்று கண்காணிக்க அமெரிக்கா ‘வேலா’ செயற்கைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2ஆம் நாள் அவற்றில் ஒரு காமா மின்னல் பதிவாயிற்று. அது குண்டு வெடிப்பைப் போல இல்லை. பின்னர் பதிவான மின்னல்கள் வெவ்வேறு செயற்கைக்கோள்களை அடைந்த நேர வேறுபாட்டைக் கணக்கிட்டனர். அவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்பது தெளிவாயிற்று. 1973இல் கிளெபசாடல், ஸ்ட்ராங், ஓல்சன் ஆகியோர் இத்தகைய 16 வெடிப்புகளை உலகிற்கு அறிவித்தனர்.

மாபெரும் விண்மீன் தன் எடை தாங்காமல் உள்நோக்கிச் சரியும்போது நீண்ட வெடிப்புகள் தோன்றுகின்றன. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணையும்போது, பொதுவாக 2 விநாடிக்கும் குறைவான வெடிப்புகள் தோன்றுகின்றன.

நம் நாட்டின் ‘ஆஸ்ட்ரோசாட்’ 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 650 கிலோமீட்டர் உயரத்தில் நிலைபெற்றது. அதிலுள்ள ஒரு கருவியில் காட்மியம், துத்தநாகம், டெலுரியம் சேர்ந்த படிகங்கள் உள்ளன. காமாக் கதிர் பட்டதும் படிகத்தில் சிறு மின்துடிப்பு எழும். துடிப்புகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தால் எங்கோ வெடிப்பு நிகழ்ந்துள்ளது என்று அறியலாம்.

அக்டோபர் 6ஆம் நாள் இக்கருவியை இயக்கினர். அன்றே ஒரு வெடிப்பு பதிவாயிற்று! கருவி நோக்கிய திசையில் அன்று. சுமார் 60 பாகை பக்கவாட்டில். ஆற்றல் மிகுந்த கதிர்கள் கருவியின் பக்கச் சுவர்களையும் ஊடுருவி வந்ததால் இது இயன்றது. 2022க்குள் இக்கருவி கண்ட வெடிப்புகள் 500ஐ எட்டின.

தோழியரே, பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு என்ற கேள்வி நம் முன் நிற்கிறது. “பெண் பிள்ளைக்குக் கணக்கும் பௌதிகமும் எதற்கு?” என்ற பேச்சு நம்மில் சிலரது வீட்டில் எழத்தான் செய்கிறது. அவர்களுக்கு இக்கதையைச் சொல்வோம். எந்தத் திசையிலிருந்து எப்போது ஒளி வரும் என்பதை எவரும் அறியார். முதல் நாளே ஆயத்தமாக இருந்த கருவிக்கு அது கிடைத்தது. நாமும் ஆயத்தமாவோம்.