அயற்கூற்றும் அலுவலக அறிக்கையும்

ஆங்கிலத்தில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது பள்ளித் தேர்வுடன் முடிந்துவிடும் பயிற்சி என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, மனு மீதான விசாரணை அறிக்கை, சாட்சியப் பதிவு ஆகிய யாவும் பிறர் கூறியதை எழுதுவோர் தம் நிலையிலிருந்து எடுத்துரைப்பனவே. அங்கு நேரும் பிழைக்கு மதிப்பெண் குறைவதோடு போவதில்லை.

கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரிக்கும் பட்ஜ்பட்ஜ் ரயில் பாதைக்கும் தெற்கே அமைந்தது லேக் கார்டன்ஸ். பெருமழைக்குப் பின் அங்கு விசாரணைக்குச் சென்ற அலுவலர் ஒருவரிடம், "இங்கே நேற்று முதல் தண்ணீர் நிற்கிறது, நாளைக்குள் வடியாவிட்டால் வீட்டைக் காலி செய்வோம்" என்று ஓர் அம்மையார் கூறுவதாகக் கொள்வோம். மூன்று நாள் கழித்து அலுவலகத்தில் அமர்ந்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும்போது, 'இங்கே' என்பது 'அங்கே' ஆகும். 'நேற்று' என்பது 'முந்தைய நாள்' ஆகும். 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும். தன்மைப் பன்மை படர்க்கையாகும். பேசியவரின் இடமும் நாளும் வேறு, எழுதுபவரின் இடமும் நாளும் வேறு என்பதே காரணம். அதே தெருவில் நின்று அன்றே எழுதினால் 'இங்கே', 'நாளை' என்பவற்றை மாற்ற வேண்டுவதில்லை. பயிற்சி வாக்கியங்களில் எழுதப்பட்ட நாளும் இடமும் தரப்படாமையால், மாணவர் இம்மாற்றத்தை எந்திரம்போல் செய்யப் பழகிவிடுகின்றனர்.

காலம் மாறுவதே சிக்கலான பகுதி. கூற்று வினை இறந்தகாலத்தில் இருப்பின், உள்வாக்கியத்தின் காலமும் ஒரு படி பின்னே செல்கிறது. 'ஈஸ் ஸ்டாண்டிங்' என்பது 'வாஸ் ஸ்டாண்டிங்' ஆகிறது. 'வில்' என்பது 'வுட்' ஆகிறது. டென்மார்க்கு மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதனைக் காலத்தின் பின்னகர்வு என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். இதன் விளைவாக, தண்ணீர் இன்னும் நிற்கிறதா, வடிந்துவிட்டதா என்பதை அறிக்கையைப் படிக்கும் மேலதிகாரி வினைமுற்றிலிருந்து அறிய இயலாது. நிலைமை இன்றும் நீடித்தால் நிகழ்காலத்தை அப்படியே வைத்தெழுத ஆங்கிலம் இடந்தருகிறது. அப்போது அச்செய்தியின் உண்மைக்கு எழுதுபவரும் ஓரளவு பொறுப்பேற்கிறார். ஆகவே இது இலக்கணத் தேர்வு மட்டுமன்று, ஆய்ந்து சொல்ல வேண்டிய முடிவும் ஆகும்.

தமிழிலும் வங்காளத்திலும் இப்பின்னகர்வு இல்லை. 'ஜொல் ஜொமே ஆச்சே' என்று வங்காளத்தில் கூறியதை, 'ஜே' என்னும் இணைப்புச் சொல்லுக்குப் பின் காலம் மாற்றாமலே எடுத்துரைக்கலாம். தமிழில் 'என்று' அப்பணியைச் செய்கிறது. 'நிற்பதாகக் கூறினார்' என்பதும் அவ்வாறே. 'நின்றதாகக் கூறினார்' என்றாலோ, அவர் பேசுவதற்கு முன்பே தண்ணீர் வடிந்துவிட்டது என்று பொருள்படும். எனவே ஆங்கில அறிக்கையில் 'வாஸ்' எனக் கண்டவுடன் தமிழில் இறந்தகாலம் எழுதும் மொழிபெயர்ப்பாளர், வெள்ளத்தைத் தம் பேனாவாலேயே வடித்துவிடுகிறார். நிவாரணம் கோரிய மனு அதனாலேயே தள்ளுபடியாகக் கூடும்.

கூற்று வினையிலும் கவனம் தேவை. பொறியாளர் "பம்பு நாளை இயங்கும்" என்றதை 'உறுதியளித்தார்' என எழுதினால் அவர் கட்டுப்பட்டவராகிறார். 'தெரிவித்தார்' என்றால் அத்துணை இல்லை. 'ஒப்புக்கொண்டார்' என்ற சொல் குற்றத்தையே ஏற்றிவிடும். ஐயமுள்ள இடத்தில் 'கூறினார்' என்பதே நேர்மையானது.

வினா வாக்கியத்தை மாற்றுகையில் 'இஃப்' அல்லது 'வெதர்' சேர்த்துச் சொல்வரிசையை இயல்பாக்குவது யாவரும் அறிந்ததே. ஆனால் வினாவையே விட்டுவிடுவது வேறு. "தண்ணீர் முழங்கால் அளவு இருந்ததா?" என்ற கேள்விக்குச் சாட்சி "ஆம்" என்று மட்டும் விடையளிக்க, "தண்ணீர் முழங்கால் அளவு இருந்தது" என்று பதிவானால், கேட்டவரின் சொல் சாட்சியின் வாயில் புகுந்துவிடுகிறது. அமர்வு நீதிமன்றச் சாட்சியம் பொதுவாகத் தொடர் உரையாகவே பதியப்பட வேண்டும் என்ற 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, எப்பகுதியையும் வினா விடையாகப் பதியும் உரிமையை நீதிபதிக்கு அளித்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவ்வேற்பாடு தொடர்கிறது.