பழைய அளவும் புதிய காவலும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இம்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். தேன், கடுக்காய், புளி, சாமை ஆகியவை இம்மலை தரும் செல்வங்களாம். மலையில் பிறக்கும் கோமுகியாறு அடிவாரத்து அணையில் தங்கி, பின்னர்க் கீழ்நாட்டு வயல்களை வளப்படுத்துகின்றது. முற்காலத்தில் மலைமக்கள் தம் விளைபொருள்களைத் தலையிற் சுமந்து, ஒற்றையடிப் பாதை வழியே இறங்கி வருவர். சந்தையில் விற்று, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மீள்வர்.

இன்று காலம் மாறிவிட்டது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலைக்குப் பேருந்து செல்கின்றது. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேன் விற்ற பணம் கைப்பேசி வழியே வங்கிக் கணக்கில் வந்து சேர்கின்றது. தலைச்சுமை குறைந்தது, பாதையும் மாறிற்று. மண்பாதையில் பொருள் சென்ற காலம் போய், கண்ணுக்குப் புலப்படாத பாதையில் செய்தி செல்லும் காலம் வந்துள்ளது.

அப்பாதையிலும் கள்வர் உளர். ஒரு கணினியிலிருந்து புறப்படும் செய்தி நேரே மற்றொரு கணினியைச் சென்று சேர்வதில்லை. இடையிலே பல கருவிகளைக் கடந்து செல்கின்றது. மூடாத மடல் பல கைகள் மாறிச் செல்வது போன்றது அது. இடைநிற்பவர் எவரும் அதனைப் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். ஆதலின் செய்தியை மறைபொருளாக்கி அனுப்பும் முறை ஒன்று வேண்டுவதாயிற்று. அம்முறைக்குரிய விதிகளின் தொகுதியே ‘நெறிமுறை’ எனப்படும்.

முன்பின் அறியாத இரண்டு கணினிகள் எந்த நெறிமுறைப்படி பேசுவது என்று எங்ஙனம் உடன்படுகின்றன? சந்தையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மலையிலிருந்து தேன் கொண்டுவந்தவர் ஒருவர். அதனை வாங்க வந்த வணிகர் ஒருவர். விலை பேசுமுன் அளவு பேசவேண்டும். இந்திய அரசு 1956ஆம் ஆண்டில் மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் இயற்றிற்று. அதன் பின்னரும் சில ஆண்டுகள் படியும் மரக்காலும் ஒரு பக்கம், லிட்டரும் கிலோவும் மறுபக்கம் என இருவகை அளவுகளும் வழங்கின. ‘எனக்கு லிட்டரும் தெரியும், படியும் தெரியும்’ என்பார் ஒருவர். ‘எனக்கும் லிட்டர் தெரியும்’ என்பார் மற்றவர். இருவரும் அறிந்தவற்றுள் சிறந்தது லிட்டர், அதனையே கொள்வர். கணினிகளும் இவ்வாறே தாம் அறிந்த நெறிமுறைகளைக் கூறி, இருவர்க்கும் பொதுவாகியவற்றுள் புதியதைத் தேர்கின்றன.

இந்நெறிமுறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நெட்ஸ்கேப் என்னும் அமெரிக்க நிறுவனம் 1995ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எல். 2 என்னும் நெறிமுறையை வெளியிட்டது. அதன் குறைகளை நீக்கி 1996இல் எஸ்.எஸ்.எல். 3 வந்தது. பின்னர் டி.எல்.எஸ். என்னும் புதுப்பெயருடன் 1999இல் 1.0, 2006இல் 1.1, 2008இல் 1.2, 2018இல் 1.3 என்னும் பதிப்புகள் முறையே தோன்றின. ஒவ்வொரு பதிப்பும் முன்னதன் பழுதைக் கண்டு திருத்தியதன் விளைவாகும். எனினும் புதியது வந்தவுடன் பழையது மறைந்துவிடவில்லை. லிட்டர் வந்த பின்னரும் வீட்டு மூலையில் மரக்கால் இருந்தது போல, அதுவும் கணினிகளுக்குள் தங்கியிருந்தது.

மறையாக்கத்திற்கு வேண்டிய நிரல்களை ஒவ்வொருவரும் தாமே எழுதுதல் அரிது, தவறும் நேரும். ஆதலின் வல்லுநர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களைப் பிறர் எடுத்தாள்கின்றனர். அவ்வாறு எடுத்தாளுதற்குரிய தொகுதியை ‘நிரல் நூலகம்’ என்பர். அத்தகைய நூலகங்களுள் உலகெங்கும் பரவியது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது. எரிக் யங், டிம் ஹட்சன் என்னும் இருவர் ஆஸ்திரேலியாவில் எழுதிய நிரலை அடிப்படையாகக் கொண்டு, 1998இல் அது தொடங்கப்பெற்றது.

நூலகம் பூட்டைத் தரும். எந்தக் கதவைப் பூட்டுவது என்பதனை அதனை ஆள்பவரே தீர்மானித்தல் வேண்டும். அதற்கென ‘விருப்பத் தேர்வுகள்’ பல அதனுள் வைக்கப்பெற்றுள்ளன. இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பழைய நாளில் அந்நூலகத்தின் பொதுமுறை, தான் அறிந்த எல்லாப் பதிப்புகளையும் ஏற்றுக்கொள்வதாகவே அமைந்திருந்தது. வேண்டாததனை ‘எஸ்.எஸ்.எல். 2 கூடாது’, ‘எஸ்.எஸ்.எல். 3 கூடாது’ என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்து விலக்கவேண்டும். விலக்காதது திறந்தே இருக்கும். வாயிற்காவலனிடம், ‘இன்னாரை உள்ளே விடு’ என்னாமல், ‘இன்னின்னாரை விடாதே’ என்று சொல்லிவைத்தது போன்றதாகும் இது. சொல்ல மறந்த பெயருடையான் தடையின்றி நுழைவான் அன்றோ? 2016இல் வெளிவந்த 1.1.0 பதிப்பில் இக்குறைக்கு மருந்து கிடைத்தது. ஏற்கத்தக்க மிகத் தாழ்ந்த பதிப்பு இது, மிக உயர்ந்த பதிப்பு இது என்று கீழெல்லையும் மேலெல்லையும் வகுக்கும் வசதி அதில் தரப்பெற்றது. எஸ்.எஸ்.எல். 2 அறவே நீக்கப்பெற்றது.

பழையதைத் திறந்து வைத்தலால் என்ன தீங்கு என்று ஒருவர் வினவலாம். புதியது தெரிந்தவர் புதியதில்தானே பேசுவார் என்று அவர் கருதுவார். சந்தையில் ஒரு தீய தரகன் இருவர்க்கும் இடையே நிற்பதாகக் கொள்க. தேன் கொண்டுவந்தவர் ‘லிட்டர்’ என்று சொல்லும்போதெல்லாம் அவன் கூச்சலிட்டு அச்சொல் கேளாதவாறு செய்கின்றான். வணிகரிடமிருந்து மறுமொழி வாராமை கண்டு, ‘பாவம், இவருக்கு லிட்டர் தெரியாது போலும், படியால் அளப்போம்’ என்று அவர் இரக்கத்தால் இறங்கி வருகின்றார். தரகன் அடிப்புறம் உயர்த்திய கள்ளப் படியை மடியிலிருந்து எடுக்கின்றான். இருவரும் நல்லவர், இருவரும் லிட்டர் அறிந்தவர், ஆயினும் வஞ்சிக்கப்பட்டனர்.

2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கூகிள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் மூவர் இத்தகைய தாக்குதல் ஒன்றை உலகிற்கு அறிவித்தனர். அதற்குப் ‘பூடில்’ என்று பெயர். இணைய உலாவிகள், புதிய நெறிமுறையில் தொடர்பு கிடைக்காவிடில், எதிர்க்கணினி பழையது போலும் என்று கருதிப் படிப்படியாக இறங்கி, எஸ்.எஸ்.எல். 3 வரை வந்து மீண்டும் முயலும் இயல்புடையனவாக அன்று இருந்தன. இடைநிற்கும் கள்வன் தொடர்பை வேண்டுமென்றே அறுத்து அறுத்து அவற்றைக் கீழே இறக்கினான். எஸ்.எஸ்.எல். 3இல் இருந்த பழுதைப் பயன்படுத்தி, சராசரி 256 முயற்சிகளுக்கு ஓரெழுத்தாக மறைபொருளை அவன் அறிந்துகொள்ள இயன்றது. பதினெட்டு ஆண்டு பழைய நெறிமுறை, புதியதைக் கையில் வைத்திருந்தவரையும் காட்டிக்கொடுத்தது. கணினிகள் தம் உரையாடலின் முடிவில், பேசியவற்றையெல்லாம் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறை முன்னரே உண்டு. ஆயினும் உலாவி தானாகவே இறங்கிவந்து புதிதாகப் பேச்சைத் தொடங்கியமையால், அக்காவல் பயன்படவில்லை. கெடுத்தது கணக்கின் பிழை மட்டும் அன்று. எல்லார்க்கும் இணங்கிப்போகும் தாட்சணியமும் ஆம்.

2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இதனினும் கொடியது ஒன்று வெளிப்பட்டது. ‘டிரௌன்’ என்பது அதன் பெயர். எஸ்.எஸ்.எல். 2ஐ எந்த உலாவியும் அப்போது கேட்பதில்லை. 2011இலேயே அது விலக்கப்பட்டது. கேட்பாரில்லாத கதவு திறந்திருந்தால் என்ன என்று பலர் வாளா இருந்தனர். ஆனால் ஒரே சாவியைப் பழைய கதவுக்கும் புதிய கதவுக்கும் வைத்திருந்த இடங்களில், பழைய கதவைத் தட்டித் தட்டியே புதிய கதவின் வழியாகச் சென்ற மறைபொருளை அறிய இயலும் என்பது தெரியவந்தது. வீட்டின் முன்வாயிலுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் ஒரே சாவி செய்தவன் நிலை அது. பாதுகாப்புடைய இணைய வழங்கிகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இத்தாக்குதலுக்கு இடந்தருவன என்று ஆய்வாளர் கணித்தனர். மற்றொன்றும் அப்போது புலப்பட்டது. சிலர் எஸ்.எஸ்.எல். 2க்குரிய மறையாக்க வகைகளையெல்லாம் நீக்கிவிட்டு, கதவு அடைபட்டது என்று நம்பியிருந்தனர். நூலகத்தில் இருந்த ஒரு பிழையால், ‘எஸ்.எஸ்.எல். 2 கூடாது’ என்னும் தேர்வையும் சேர்த்துக் குறித்திராதவர் கதவு அடைபடவே இல்லை. தாழிட்டோம் என்று எண்ணுதல் வேறு. தாழைத் தொட்டுப் பார்த்து அறிதல் வேறு.

அங்ஙனமாயின் பழையவற்றையெல்லாம் உடனே அடைத்துவிடலாமே எனின், அங்கும் ஓர் இடர் உண்டு. டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகியவற்றை இணையப் பொறியியல் பணிக்குழு 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முறைப்படி வழக்கொழித்தது. ஆனால் ஆண்ட்ராய்டு 4.4உம் அதற்கு முற்பட்டனவும் இயங்கும் கைப்பேசிகளில் 1.2 இயல்பாகத் திறந்து வைக்கப்படவில்லை. 2014இல் வந்த 5.0 முதலே அது திறந்த நிலையில் வந்தது. பழைய கைப்பேசியை வைத்திருப்பவர் யார்? புதியது வாங்க இயலாதவர். மகன் பட்டணத்தில் பயன்படுத்திக் கழித்த கைப்பேசியை மலையூரில் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், ‘இணைக்க இயலவில்லை’ என்னும் ஒரு வரியை மட்டும் திரையில் காண்பார். காரணம் அவர்க்குத் தெரியாது. தம் கைப்பிழை என்றே எண்ணிக்கொள்வார்.

எளியவர் பொருட்டுப் பழைய வாயிலைத் திறந்து வைத்தல் அறமாகாதா? ஆகாது. திறந்த வாயில் எளியவர்க்கு மட்டும் திறந்திருப்பதில்லை, கள்வர்க்கும் திறந்திருக்கின்றது. பணம் களவுபோனால் செல்வர் அதனைத் தாங்குவர். கூலிப்பணத்தை இழந்தவர் தாங்கார். எனவே பழையதை அடைத்தலே எளியவர்க்கும் காவலாகும். ஆயின், அடைப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அடைக்கும் நாளை முன்னரே பலருமறியக் கூறுதல் வேண்டும். இணையாமைக்குக் காரணம் இது என்று அவரவர் மொழியில் திரையில் எழுதுதல் வேண்டும். கைப்பேசியால் இயலாதவர் வந்து தம் காரியத்தை முடித்துக்கொள்ள, அண்மையிலுள்ள மையத்தில் புதிய கருவியும் பொறுமையுள்ள ஆளும் இருத்தல் வேண்டும். அளவுகளை மாற்றிய நாளில் மக்கள் பழகுதற்குச் சில ஆண்டுகள் தரப்பட்டன அன்றோ? பழைய வாயிலை அடைப்பவன் புதிய வாயிலுக்கு வழிகாட்டவும் கடமைப்பட்டவன்.

திருவள்ளுவர் அரண் என்பதற்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அரணின் சிறப்புகளையெல்லாம் கூறிவந்த அவர், எத்துணைப் பெருமை உடையதாயினும் செயற்சிறப்பு இல்லாதவரிடத்து அரண் அரணாகாது என்று அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். இன்றைய மறையாக்கமும் ஓர் அரணே. அதன் மதில் கணிதத்தால் ஆயது. ஆனால் அம்மதிலில் எந்த வாயில் திறந்திருத்தல் வேண்டும், எது அடைபடுதல் வேண்டும் என்பது ஒரு நிரலாளர் எழுதும் ஓரிரு வரிகளில் அடங்கியுள்ளது. அவ்வரிகளை எழுதுபவர் கல்வராயன் மலையைக் கண்டிருக்கமாட்டார். மலைமேல் இருப்பவரும் அவ்வரிகளைக் காணப்போவதில்லை. எனினும் தேன் விற்ற பணம் உரியவர் கையில் சேர்வதும் சேராமையும் அவ்வரிகளைப் பொறுத்தே நிற்கின்றன. கண்ணாற் காணாத ஒருவர்க்காகவும் கருத்தோடு தாழிடுதல் காவலனது கடமையாகும்.

பயிற்சி

1. கணினிகள் நெறிமுறையைத் தேர்ந்துகொள்ளும் முறையைச் சந்தை உவமை கொண்டு விளக்குக.
2. ‘விலக்காதது திறந்தே இருக்கும்’ என்றது எதனை? அதனால் விளையும் தீங்கு யாது?
3. பூடில், டிரௌன் ஆகிய தாக்குதல்கள் இரண்டனுள் உள்ள வேறுபாடு யாது?
4. பழைய நெறிமுறையை அடைப்பவர்க்குரிய கடமைகள் எவை? நும் ஊரில் உள்ள ஒரு முதியவரை மனத்திற்கொண்டு பத்து வரிகளில் எழுதுக.