மின்சாரக் காரில் குளிர்சாதனக் கோளாறு: கம்ப்ரஸர்தான் குற்றவாளியா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கேத்தியில் பிறந்து வளர்ந்தவன் குளிர்சாதனத்தைப் பற்றி எழுதுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல நண்பர்களுக்குத் தோன்றலாம். ஆனால் மாலை வேளையில் மூடுபனிக்குள் குன்னூர்ச் சாலையில் வண்டி ஓட்டியவர்கள் நகைக்க மாட்டார்கள். கண்ணாடியின் உட்புறம் நீராவி படிந்து எதிரே வரும் பஸ்கூடத் தெரியாமல் போகும். அப்போது ஏ.சி.யைப் போட்டால்தான் கண்ணாடி தெளியும். குளிர்ந்த சுருளைத் தொட்டுச் செல்லும் காற்று தன் ஈரத்தை அங்கேயே நீராக விட்டுவிட்டு, உலர்ந்து வெளிவருவதே இதற்குக் காரணம்.

மின்சாரக் கார்கள் பலவற்றில் ஏ.சி.க்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மின்கலத் தொகுதியைச் சூடேறாமல் காப்பதும் அதுதான். 2020 ஜனவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரின் மின்கலத் தொகுதி 30.2 கிலோவாட் மணி கொள்ளளவும் 320 வோல்ட்டு மின்னழுத்தமும் உடையது, திரவத்தால் குளிர்விக்கப்படுவது. இத்தகைய வண்டியில் கம்ப்ரஸர் நின்றுவிட்டால் பயணிக்கு வியர்ப்பதோடு கதை முடிவதில்லை.

இனி இக்கருவியின் அமைப்பைக் காண்போம். பெட்ரோல் காரில் கம்ப்ரஸரை எஞ்சினே ஒரு பெல்ட்டின் வழியாகச் சுழற்றுகிறது. ஏ.சி.யைப் போட்டதும் காந்தக் கிளட்ச் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஓசையைக் கேட்டே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. மின்சாரக் காரில் எஞ்சினும் இல்லை, பெல்ட்டும் இல்லை, அந்த 'டக்'கும் இல்லை. ஒரே உலோகக் கூட்டிற்குள் மும்முனை மோட்டாரும், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வர்ட்டரும், ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்திய இரு சுருள் தகடுகளும் அடங்கியிருக்கின்றன. திரும்பி வரும் குளிர்ந்த வாயுவே மோட்டாரையும் இன்வர்ட்டரையும் குளிர்விக்கிறது. எத்தனை வேகத்தில் சுழல வேண்டும் என்ற கட்டளை மெல்லிய கம்பிகளின் வழியே கணினியிலிருந்து வருகிறது. எனவே, கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால் அது கெட்டுவிட்டது என்றுதான் பொருளா? 'ஓடு' என்று அதற்கு யாரும் சொல்லாமலும் இருந்திருக்கலாம் அல்லவா?

இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் எழவில்லை. என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் கார் நிறுத்தத்தில் எது பழுதானாலும், "பிசிக்ஸ் படிக்கிறியே தம்பி, இதைச் சொல்லு பார்ப்போம்" என்பார்கள். அங்கே ஓர் அண்ணன் கடன் வாங்கி மின்சாரக் கார் எடுத்திருந்தார். அதில் ஏ.சி. நின்றுபோயிற்று. சமவெளிப் பட்டறை ஒன்றில், கம்ப்ரஸர் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை மூன்று மாதத் தவணைக்கும் மேல். பிறகு வேறொரு மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். கம்ப்ரஸரிடமிருந்து பதிலே வரவில்லை என்றது ஸ்கேனர். அவர் கழற்றிப் பார்த்தது கம்ப்ரஸரை அன்று, அதற்குச் செல்லும் 12 வோல்ட்டு கனெக்டரை. அதன் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பனியும் மழையும் செய்த வேலை! துடைத்துப் பொருத்தியதும் ஏ.சி. ஓடியது.

ஆகவே சோதனை வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். முதலில் ஸ்கேனர், பிறகு ஃப்யூஸ், கனெக்டர், விசிறி, வாயுவின் அழுத்தம் ஆகியவை. உயர் மின்னழுத்தப் பகுதியில் கை வைப்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். அதுவும் பயிற்சி பெற்றவர் மட்டுமே. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருந்து, அளந்து பார்த்து, ரப்பர் கையுறையோடு தொட வேண்டும்.

அழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். இயற்பியல் மாணவனுக்கு விருந்து இங்கேதான். ஓடாத குளிர்சாதனத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை, அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. ஆர் 134ஏ என்ற வாயுவுக்கு 35 டிகிரியில் தனி அழுத்தம் ஏறக்குறைய 8.9 பார், 15 டிகிரியில் 4.9 பார். மேட்டுப்பாளையத்தில் நண்பகலில் அளந்ததையும் கேத்தியில் காலையில் அளந்ததையும் ஒப்பிட்டு, "பாதி கேஸ் போய்விட்டது" என்றால் அது தவறு. பாதி வாயு உண்மையிலேயே கசிந்திருந்தாலும், மீதியில் ஒரு துளி திரவம் இருக்கும்வரை அழுத்தமானி அதைக் காட்டாது! உள்ளதை வெளியே எடுத்து எடை போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

இன்னொன்று. சாதாரண அழுத்தமானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கேத்தியில் காற்றழுத்தம் சுமார் 0.79 பார்; கடல்மட்டத்தில் 1.01 பார். ஆகையால் அதே வாயு, அதே வெப்பநிலையில், இங்கே 0.2 பார் கூடுதலாகத் தெரியும்.

கட்டளையில் பிழை நேர்வதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2022 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் 26,681 கார்களுக்குத் திருத்தம் அறிவித்தது. ஏ.சி.யைத் திருப்பிப் போட்டாற்போல் இயங்கி வெப்பம் தரும் அமைப்பில், ஒரு வால்வு வேண்டாத நேரத்தில் திறந்து வாயுவை ஆவியாக்கியில் சிறைப்படுத்தக்கூடும். அதனால் முன் கண்ணாடியின் பனி அகலாது. குற்றம் மென்பொருளில் இருந்தது. திருத்தத்தையும் மென்பொருளாகவே அனுப்பினார்கள்.

கம்ப்ரஸரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. பல நேரங்களில் அதைக் கெடுப்பது தவறான எண்ணெய். பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஊற்றப்படும் பி.ஏ.ஜி. எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், மின்காப்பும் குறைவு. மோட்டாரே எண்ணெயில் நனைந்திருக்கும் இக்கருவிகளில் பொதுவாகப் பி.ஓ.இ. எண்ணெய்தான் பயன்படுகிறது. பழைய கார்களுக்குக் கேஸ் ஏற்றிய அதே குழாயை இதில் மாட்டினால், ஒட்டியிருக்கும் எண்ணெயும் உள்ளே போய்விடும். மின்காப்பு குறையும், வண்டியின் கணினி கசிவைக் கண்டு கம்ப்ரஸரை நிறுத்தும், சில வேளை வண்டியையே புறப்பட விடாது. வண்டி முழுவதற்குமான ஐ.நா. விதி எண் 100-இன்படி, நேர்மின்னோட்டமும் மாறுமின்னோட்டமும் இணைந்த சுற்றில் பொதுவாக வோல்ட்டுக்கு 500 ஓம் மின்காப்புத் தடை வேண்டும். 320 வோல்ட்டுக்கு அது 1,60,000 ஓம். நல்ல கம்ப்ரஸர் தனியாக மெகாஓம் கணக்கில் காட்டும். அதைக் கழற்றிப் பிரித்த பின்னும் கசிவு நீங்கவில்லையென்றால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்.

கம்ப்ரஸரை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், புதிய வாயுவை ஏற்றுமுன் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். முள் ஏறக்குறைய 30 அங்குலத்தைத் தொட வேண்டும் என்று சமவெளியில் கற்றவர்கள் சொல்வார்கள். கேத்தியில் காற்றின் அழுத்தமே 23 அங்குலப் பாதரசம்தான். எத்தனை நல்ல பம்பு வைத்தாலும் முள் அதற்கு மேல் நகராது. அதற்காகப் பம்பையோ குழாயையோ பழிப்பதில் பயனில்லை.