காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

நம்பிக்கை: மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து சில நாள் குடித்தால் போதும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை.

உண்மை: காமாலை தனியொரு நோய் அல்ல, பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் என்னும் நிறமி கூடும்போது கண் மஞ்சளாகிறது. அசுத்தமான குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்களால் அது கூடலாம். ரத்தத்தின் வழியே தொற்றும் பி, சி வைரஸ்களாலும், எலிக்காய்ச்சலாலும், பித்தநாளத்தை அடைத்த கல்லாலும், கணையப் புற்றுநோயாலும் கூடலாம். இவற்றில் ஏ, இ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். எனவே கீழாநெல்லி குடித்த பலர் குணமானார்கள் என்பது உண்மைதான். குடிக்காமல் இருந்திருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் தேறியிருப்பார்கள் என்பதும் உண்மை. கண்ணால் கண்டோம் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தேற்றியது உடலா, மூலிகையா என்பதை, குடித்தவர்களைக் குடிக்காதவர்களோடு ஒப்பிடாமல் யாராலும் சொல்ல முடியாது.

தானாகத் தீரும் நோயில் ஒரு மூலிகை வாங்கிய நற்பெயர், தானாகத் தீராத நோய்க்குச் சான்றாகாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் 1960களில்தான் அடையாளம் காணப்பட்டது. சி வைரஸ் 1989இல். பிறக்கும்போதே தாயிடமிருந்து பி தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட தொற்றாகிவிடுகிறது. கண் மஞ்சளாகாமலே பல ஆண்டுகள் கல்லீரலில் தங்கி, கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடும். நம் முன்னோர் கண்ணின் நிறத்தையும் சிறுநீரின் நிறத்தையும் நாடியையும் வைத்து நோயைக் கணித்தார்கள். அவர்கள் கூர்மையாகக் கவனித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெளியே அறிகுறி காட்டாத ஒரு வைரஸுக்கு அவர்கள் மருந்து சொல்லிச் சென்றதாக நாம் எண்ணுவது, அவர்கள் சொல்லாததை அவர்கள் தலையில் ஏற்றுவதாகும்.

கீழாநெல்லியை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். வெறுமனே ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்துச்சத்து இல்லாத போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே அதை ஆவலோடு பார்த்தது. பின்னர் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் மறுபடி சோதித்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. மூலிகை என்பதற்காக அதை யாரும் புறக்கணிக்கவில்லை. பலரும் கையில் எடுத்துச் சோதித்தார்கள், அது தேறவில்லை. மூலிகைகளில் சில இப்படிச் சோதித்துத் தேறியும் இருக்கின்றன. பழைய சீன மருத்துவ நூலொன்றின் குறிப்பிலிருந்து தொடங்கிய தூ யோயோ, ஒரு செடியிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். மலேரியாவுக்கு எதிரான அந்த மருந்துக்காக 2015இல் நோபல் பெற்றார். நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. பழைய நூல் தேடுவதற்கு வழிகாட்டுகிறது. பலன் உண்டா இல்லையா என்று தீர்ப்பது சோதனைதான்.

புதிதாக வரும் தொற்றுகளுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். கொரோனா தொற்றியவர்களில் பெரும்பாலோர் எந்தக் கஷாயமும் குடிக்காமலே பிழைத்தார்கள். ஆகவே கபசுரக் குடிநீர் என்னும் சித்த மருத்துவக் கஷாயத்தைக் குடித்துப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவதால் எதுவும் நிரூபணமாகாது. டெங்குவில் இந்தத் தவறு உயிரையே பறிக்கும். டெங்குக் காய்ச்சல் பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இறங்கும். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும் ஆபத்தும் அப்போதுதான் தொடங்குகிறது. நிலவேம்புக் கஷாயம் குடித்த வீட்டில் காய்ச்சல் இறங்கியதைக் குணமாக எண்ணிக் கண்காணிப்பைக் கைவிட்டால், மருத்துவம் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரம் கைநழுவிப் போகும்.

பக்கவிளைவு இல்லாததைக் கூடவே குடித்தால் என்ன நட்டம் என்பது கடைசி மறுப்பு. இயற்கையானது எல்லாம் தீங்கற்றது அல்ல. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய நட்டம் காலதாமதம். ஹெபடைடிஸ் சி இன்று சுமார் 12 வார மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குணமாகிறது; பி-யைக் கட்டுப்படுத்த மாத்திரை உண்டு. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து காரணத்தை அறியுங்கள். கர்ப்பிணிக்கோ பச்சிளங்குழந்தைக்கோ காமாலை கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நோயாளிக்கு மனக்குழப்பமோ, அளவுமீறிய தூக்கமோ, ரத்தக்கசிவோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். நாள்பட்ட பி தொற்றைத் தாங்கள் அறியாமலே சுமந்த முந்தைய தலைமுறைகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கிறது.